பழைய ஃபிளாஷ், டைரக்டர் ஆவணங்களை வீடியோவாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990-களிலும் 2000-களிலும் பாடம், கலைக்களஞ்சியம், சிறுவர் கதை, பணிப்பயிற்சி என்று எத்தனையோ விஷயங்கள் சிடியில் வந்தன. பட்டனை அழுத்தினால் பேசும். படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பெயரைக் காட்டும். கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் திருத்தும். இவற்றில் பலவற்றைச் செய்தது ஃபிளாஷ், டைரக்டர் என்ற பல்லூடக மென்பொருள்களில்; இவற்றைத்தான் இங்கே 'ஆவணம்' என்கிறேன். இன்று அவற்றில் பெரும்பாலானவை திறப்பதே இல்லை. "இதை எம்பி4 ஆக மாற்ற முடியுமா?" என்று வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், இந்த வேலையில் உட்கார்ந்து நான் கண்டுகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபைல் ஏன் இப்போது திறக்க மறுக்கிறது?

ஃபைல் கெட்டுப்போகவில்லை. அதை ஓட்டிக் காட்டிய மென்பொருள்தான் போய்விட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிரவுசரில் இருந்த ஃபிளாஷ் பிளேயர் எதையும் ஓட்டாமல் தானே தடுத்துவிட்டது. டைரக்டரில் செய்த ஆவணங்களை இணையத்தில் காட்டிய ஷாக்வேவ் பிளேயர் அதற்கும் முன்பே, 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆப்பிளின் வீடியோ மென்பொருளான குவிக்டைமின் விண்டோஸ் பதிப்பு 2016-இல் கைவிடப்பட்டது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களோ 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது.

என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். எஸ்டபிள்யூஎஃப் என்றால் ஃபிளாஷ். டிஐஆர், டிஎக்ஸ்ஆர், டிசிஆர் மூன்றும் டைரக்டர். எஃப்எல்வி என்றால் சாதாரண வீடியோதான், பயப்பட ஒன்றுமில்லை. எஃப்எல்ஏ இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அது ஃபிளாஷின் மூல ஃபைல், அடோபி அனிமேட்டில் திறந்து பார்க்கலாம்.

குழப்பம் வருவது எக்ஸ்இ ஃபைலில்தான். ஃபிளாஷும் டைரக்டரும் தங்கள் பிளேயரையே உள்ளே வைத்து 'புரொஜெக்டர்' என்ற பெயரில் ஒரே எக்ஸ்இ ஆகக் கட்டித் தரும். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது. ஜேபெக்ஸ் என்ற இலவச ஃபிளாஷ் டீகம்பைலரில் (ஃபிளாஷ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் கருவி) எக்ஸ்இ-க்குள் இருக்கும் ஃபிளாஷைத் தேடி எடுக்க வழி உண்டு. பெயரில் விவரமே இல்லாத ஃபைலை, எந்த ஃபைலின் உள்ளடக்கத்தையும் அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள்: எஃப்டபிள்யூஎஸ் என்றால் சுருக்கப்படாத ஃபிளாஷ், சிடபிள்யூஎஸ் அல்லது இசட்டபிள்யூஎஸ் என்றால் சுருக்கப்பட்டது.

மாற்றித் தரும் தளத்தில் ஃபைலைப் போட்டேன். வந்த வீடியோவில் ஒரே ஒரு பட்டன் அசையாமல் நிற்கிறது. என்ன தவறு?

உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மாற்றிய ஒரு உடற்கூற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். திறந்தால் இதயத்தின் குறுக்குவெட்டுப் படம், கீழே 'தொடங்கு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் ரத்தம் வலது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கி, நுரையீரல் போய், சிவந்து இடது பக்கம் திரும்பி வரும். அரை நிமிடக் காட்சி. அந்த ஃபைலின் தலைப்பகுதியில் மொத்த ஃப்ரேம் எண்ணிக்கை என்று எழுதியிருந்தது: 1.

ஏனென்றால் ஃபிளாஷில் காலக்கோட்டுக்குள் காலக்கோடு வைக்கலாம். வெளிக் காலக்கோட்டில் ஒரே ஃப்ரேம். அதில் உட்கார்ந்திருக்கும் 'மூவி கிளிப்' என்ற பொருளுக்குள் 380 ஃப்ரேம். விநாடிக்கு 12 ஃப்ரேம் வேகத்தில் அது கிட்டத்தட்ட 32 விநாடி. மாற்றும் கருவி வெளியே மட்டும் எண்ணுகிறது, ஒரு ஃப்ரேமைப் படம் எடுத்து முடித்துக்கொள்கிறது. மேலும் உள் கிளிப்பின் முதல் ஃப்ரேமில் 'நில்' என்று ஒரு கட்டளை இருக்கும். பட்டனை யாராவது அழுத்தும்வரை அது நின்றுகொண்டேதான் இருக்கும். கருவிக்குக் கை கிடையாது, பட்டனை அழுத்தாது.

வீடியோ மாற்றும் இலவசக் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் போட்டும் சரியாக வரவில்லை என்பார்கள். ஃபிளாஷ் ஃபைலுக்குள் பொதிந்திருக்கும் வீடியோவையும் ஒலியையும் மட்டும்தான் அது எடுக்கும்; கோடுகளால் வரைந்த படங்களை வரைந்து காட்டும் திறன் அதற்கு இல்லை.

தொடக்கம் முதல் முடிவு வரை தானாக ஓடும் அனிமேஷன் என்றால் கருவி போதும். ஜேபெக்ஸில் ஃப்ரேம்களைப் படங்களாக எடுத்து ஒட்டிவிடலாம். மூவி கிளிப்பைத் தனியாகத் தேர்ந்து ஏற்றுமதி செய்யவும் அதில் முடியும். அந்த இதயக் காட்சியை நான் எடுத்தது அப்படித்தான். கிளிக் கேட்கிற எதற்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து இயக்க, அதைத் திரையிலிருந்து பதிவு செய்வதுதான் வழி.

அப்படி இயக்கும்போது எதைப் பதிவு செய்வது? எல்லாப் பட்டனையும் அழுத்த வேண்டுமா?

பதிவைத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இதுதான். ஊடாடும் ஆவணத்தில் போவதற்குப் பல வழிகள் உண்டு. வீடியோவில் நீங்கள் போன ஒரு வழி மட்டும்தான் பதிவாகும். எந்த வழியில் போனீர்கள் என்பதே பார்க்கிறவருக்கு முழு ஆவணமாகிவிடும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் மரம் போல வரைந்துகொள்ளுங்கள். முகப்பு, அதிலிருந்து எத்தனை பிரிவு, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை பக்கம், சொடுக்கும் இடங்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன. முகப்பில் 8 பிரிவு, ஒவ்வொன்றிலும் 4 பக்கம் என்றால் 32 சிறு வீடியோக்களாக எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரே நீள வீடியோ எடுத்தால் யாரும் தேடிப் பிடிக்க முடியாது. நடுவில் ஒரு தவறு நேர்ந்தால் நீங்களும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

வினாவிடைப் பகுதி வந்தால் சரியான விடையை அழுத்தி ஒரு தடவை, தவறான விடையை அழுத்தி ஒரு தடவை. தவறாகச் சொன்னால் வரும் விளக்கத்தில்தான் ஆசிரியரின் உழைப்பு நிறைய இருக்கும். எல்லோரும் சரியான விடையை மட்டும் பதிவு செய்துவிட்டு அதைத் தொலைத்துவிடுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிற இடம் அது.

மவுஸ் அம்பு தெரியட்டும். மறைத்துவிட்டால் இதயப் படத்தில் ஒரு வால்வு ஏன் திடீரென்று மஞ்சளானது, பெயர் ஏன் வந்தது, ஏன் மறைந்தது என்று பார்க்கிறவருக்குப் புரியாது. அம்பை மெதுவாக நகர்த்துங்கள், பெயர் தோன்றியதும் படித்து முடிக்கும் நேரம் நிறுத்துங்கள், பிறகு விலகுங்கள். கிளிக் செய்வதற்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடி சும்மா இருங்கள். வெட்டி ஒட்டும்போது அந்த இரண்டு விநாடிகளின் அருமை தெரியும்.

வீடியோவாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஃபிளாஷ் ஃபைல் என்றால் முதலில் ரஃபிளில் போட்டுப் பாருங்கள். இது திறந்த மூல எமுலேட்டர், அதாவது பழைய பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் நிரல். பிரவுசரிலும் ஓடும், கணினியில் தனி நிரலாகவும் ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் தன் ஃபிளாஷ் சேகரிப்பைத் திறந்தபோது இதைத்தான் பயன்படுத்தியது. பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 என்ற ஃபிளாஷ் நிரல்மொழிப் பதிப்புகளில் எழுதியவை அதில் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன. ஃபைல் அப்படியே உயிரோடு ஓடுகிறது என்றால் அதைவிட நல்லது வேறு இல்லை. டைரக்டர் ஃபைல்களுக்கு, பழைய நிரல்களை ஓட்டிக் காட்டும் ஸ்கம்விஎம் திட்டத்தில் வேலை நடந்துவருகிறது, இன்னும் எல்லாம் ஓடாது.

விளையாட்டு, சிமுலேஷன், எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிற அறிவியல் சோதனை போன்றவற்றை வீடியோவாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் உயிரே பயன்படுத்துபவரின் கையில் இருக்கிறது. கதை, விளக்கப் பாடம், படத்தொகுப்பு, அறிமுகக் காட்சி ஆகியவற்றைத் தாராளமாக மாற்றலாம்.

சிடியை நேரே ஓட்டிப் பதிவு செய்யலாமா?

வேண்டாம். சிடியைத் தொட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை முழுப் பிம்பம் எடுப்பது, அதாவது வட்டு முழுவதையும் அப்படியே ஃபைலாக நகலெடுப்பது. பழைய வட்டு ஒவ்வொரு தடவை சுழலும்போதும் கீறல் விழுந்த இடத்தில் திணறும். இன்று படிக்கிற பகுதி அடுத்த வருடம் படிக்கும் என்று நம்ப முடியாது.

பிம்பத்தை ஐஎஸ்ஓ வடிவில் எடுத்தால் டேட்டா பகுதி மட்டும்தான் வரும். பல பல்லூடக சிடிகளில் முதல் டிராக்கில் நிரலும் அடுத்தடுத்த டிராக்குகளில் சாதாரண ஆடியோ சிடி போலப் பின்னணி இசையும் இருக்கும். அவற்றை 'பின்', 'கியூ' என்ற இரட்டை ஃபைல் வடிவில் எடுங்கள். ஐஎஸ்ஓ எடுத்துவிட்டு 'இசையே வரவில்லை' என்று பிறகு தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய நிரலை எதில் ஓட்டுவது?

மெய்நிகர் கணினியில், அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவினால் பெரும்பாலான டைரக்டர், ஃபிளாஷ் புரொஜெக்டர்கள் ஓடிவிடும். இன்னும் பழையவற்றுக்கு 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர் வேண்டும். மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

'திரையை 256 நிறத்துக்கு மாற்றவும்' என்று நிரல் கேட்டால் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்தில் நிறப்பட்டியலைச் சுழற்றியே தண்ணீர் ஓடுவதையும் நெருப்பு எரிவதையும் காட்டினார்கள். 32 பிட் நிறத்தில் அந்தத் தண்ணீர் உறைந்துபோய் நிற்கும்.

திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். எம்கேவி வடிவில் பதிவு செய்யுங்கள்; நடுவில் கணினி நின்றுவிட்டாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். எம்பி4 ஆக மாற்றுவதை அதிலேயே பிறகு செய்துகொள்ளலாம், தரம் குறையாது.

வீடியோ விட்டு விட்டு ஓடுவது போல இருக்கிறது. கணினி வேகம் போதவில்லையா?

பெரும்பாலும் ஃப்ரேம் கணக்கு பொருந்தாததுதான் காரணம். பழைய ஃபிளாஷில் இயல்பான வேகம் விநாடிக்கு 12 ஃப்ரேம். அதை 30-இல் பதிவு செய்தால் ஒரு படத்துக்கு இரண்டரை ஃப்ரேம் கணக்கு. அரை ஃப்ரேம் என்று ஒன்று கிடையாதே. ஒரு படம் இரண்டு ஃப்ரேம் நிற்கும், அடுத்தது மூன்று ஃப்ரேம் நிற்கும். கண் அதைத் தடுக்கலாக உணர்கிறது. 60-இல் பதிவு செய்தால் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து ஃப்ரேம். 15-க்கும் 20-க்கும் 60 பொருந்தும். 24 என்றால் 24 அல்லது 48, 25 என்றால் 25 அல்லது 50. மூல வேகத்தை ஜேபெக்ஸ் காட்டும்.

தொடக்கத்தில் ஒலி சரியாக இருக்கிறது, போகப் போகப் படத்தை விட்டு விலகுகிறது. ஏன்?

இரண்டு காரணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஃபிளாஷில் ஒலியை வைக்க இரண்டு முறைகள் உண்டு. 'ஸ்ட்ரீம்' ஒலி காலக்கோட்டோடு கட்டப்பட்டது. படம் பின்தங்கினால் ஃப்ரேம்களைத் தள்ளிவிட்டாவது ஒலியோடு சேர்ந்து ஓடும். 'ஈவென்ட்' ஒலி ஒருமுறை தொடங்கிவிட்டால் படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் போக்கில் ஓடும். கனமான காட்சியில் படம் தாமதமானால் பேச்சு முன்னே போய்விடும். இதற்கு மெய்நிகர் கணினிக்குக் கூடுதல் நினைவகமும் செயலியும் ஒதுக்கிப் பதிவு செய்வது பலன் தரும். அதற்கும் அடங்காவிட்டால் ஒலியை ஜேபெக்ஸில் தனியாக எடுத்து, எடிட்டரில் வசனம் வசனமாக உட்கார வையுங்கள். நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனால் வாயசைவும் பேச்சும் சேரும்போது அந்தப் பாத்திரம் மறுபடி உயிர் பெறுவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று மாதிரி வீதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்தார்கள் என்பது. பழைய ஆவணங்களில் ஒலி 11,025 அல்லது 22,050 அல்லது 44,100 ஹெர்ட்ஸ். வீடியோ உலகம் 48,000-ஐ விரும்புகிறது. சரியாக மாற்றினால் எந்தச் சிக்கலும் இல்லை. மாற்றாமல் 44,100-ஐ 48,000 என்று பெயர் மட்டும் மாற்றி வைத்துவிட்டால் 10 நிமிட ஒலி 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும், குரலும் கீச்சென்று ஆகும். குரல் மெலிந்து கேட்டால் முதலில் இதைச் சோதியுங்கள்.

எழுத்துகள் மங்கலாக வருகின்றன, குறிப்பாகச் சிவப்பு எழுத்துகள். பிட்ரேட்டைக் கூட்டியும் பயனில்லை.

கூட்டினாலும் பயன் இருக்காது. சாதாரண எம்பி4 வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று பதிவாகும். சினிமாக் காட்சியில் அது கண்ணுக்குத் தெரியாது. நீலப் பின்னணியில் ஒரு பிக்சல் தடிமனில் எழுதிய சிவப்பு எழுத்தில் உடனே தெரியும்.

தீர்வு எளிது. 640×480 ஆவணத்தை 1280×960 ஆக, ஒவ்வொரு பிக்சலையும் அப்படியே நான்காகப் பெருக்கி, பிறகு வீடியோவாக்குங்கள். நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்ற கணக்கு இப்போது மூலத்தின் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று ஆகிவிடும். பெருக்கும்போது 'அண்மைப் பிக்சல்' முறையைத் தேர்ந்தெடுங்கள், மென்மையாக்கும் முறை வேண்டாம். ஃபிளாஷ் கோட்டோவியங்களை மட்டும் பெருக்க வேண்டியதில்லை. பிளேயர் ஜன்னலையே பெரிதாக்கினால் அவை கூர்மையாகவே வரையப்படும்.

அகலத்துக்கு இழுத்து 16:9 ஆக்காதீர்கள். வட்டங்கள் முட்டையாகிவிடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் கிறுக்கல் தெரிகிறது.

யூனிகோடு பரவுவதற்கு முன் செய்த ஆவணங்கள் அவை. டாம், டாப், திஸ்கி, பாமினி என்று ஒவ்வொன்றும் ஒரு விதக் குறியாக்கம்; எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதிக்காமல் விட்டிருந்தால் கணினி தன்னிடம் உள்ள எழுத்துருவை வைத்துக் காட்டும். சிடியில் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடுங்கள், அநேகமாக இருக்கும். மெய்நிகர் கணினியில் அதை நிறுவிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

சிடிக்குள்ளேயே சில வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றையும் திரையிலிருந்து பதிவு செய்யவா?

கூடாது. எம்ஓவி, ஏவிஐ, எஃப்எல்வி ஃபைல்களை நேரடியாக நகலெடுத்து எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றுங்கள். சினிபேக், இன்டியோ, சோரன்சன், விபி6 போன்ற பழைய கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) அதற்குத் தெரியும். எஃப்எல்விக்குள் எச்264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால் மறுபடி குறியாக்கம் செய்யாமல் எம்பி4 உறைக்குள் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வடிவம்) மாற்றி வைத்தாலே போதும்.

மேக்கில் செய்த சிடியில் ஒரு பொறி உண்டு. பழைய மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு கிளைகள். குவிக்டைம் படத்தின் அட்டவணை 'ரிசோர்ஸ்' கிளையில் இருந்து, நீங்கள் விண்டோஸில் நகலெடுத்தால் அந்தக் கிளை வழியிலேயே உதிர்ந்துவிடும். ஃபைல் அளவு பெரிதாக இருக்கும், ஆனால் எந்தப் பிளேயரும் திறக்காது. நகலெடுத்த ஃபைலைப் பழிக்காமல் வட்டுப் பிம்பத்துக்குத் திரும்பிப் போய், மேக் எமுலேட்டருக்குள் திறந்து, தன்னிறைவு ஃபைலாகச் சேமித்து எடுங்கள்.

பவர்பாயின்ட் ஃபைலுக்கும் இதே பாடா?

இல்லை. 2010 பதிப்பிலிருந்தே அதில் வீடியோவாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. 2013-லிருந்து எம்பி4 ஆகவே தரும். படத்தைக் கிளிக் செய்தால் நடக்கும்படி வைத்த அனிமேஷன்கள் மட்டும் அதில் வராது. அந்தச் சில ஸ்லைடுகளைத் திரையிலிருந்து பதிவு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வடிவில் சேமிப்பது நல்லது?

இரண்டு பிரதிகள். பாதுகாப்புப் பிரதி எஃப்எஃப்வி1 கோடெக்கில், மட்ரோஸ்கா (எம்கேவி) உறைக்குள். இதில் ஒரு பிக்சல் கூட இழப்பு கிடையாது; ஆவணக் காப்பகங்களும் பயன்படுத்துகிற வடிவம், 2021-இல் ஆர்எஃப்சி 9043 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் வெளியானது. பகிர்வதற்கு எச்264, ஏஏசி ஒலி, எம்பி4. எக்ஸ்264 குறியாக்கியில் சிஆர்எஃப் என்ற தர எண்ணை 18 ஆக வைத்தால் இவ்வகைப் படங்களுக்குத் தாராளம். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்கட்டும், ஒற்றைப்படையாக இருந்தால் குறியாக்கியே மறுத்துவிடும்.

அத்தியாயக் குறிகள் சேர்க்க மறக்காதீர்கள். பழைய முகப்புப் பக்கத்தில் இருந்த பிரிவுகளின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தால், பார்க்கிறவர் வேண்டிய இடத்துக்குத் தாவலாம். கிளைபிரியும் வழிகளும் வேண்டும் என்றால் ஹெச்5பி என்ற இலவசக் கருவியில் இந்தச் சிறு வீடியோக்களை வைத்து மறுபடி பட்டன்களோடு கோக்கலாம்.

அடுத்தவர் உருவாக்கிய ஆவணத்தை மாற்றலாமா?

வடிவம் மாறுவதால் பதிப்புரிமை மாறிவிடாது. சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதற்கும் பொதுவில் வெளியிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வெளியிடும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள். மூல ஃபைல்களையே கொடுத்து உதவியவர்களும் உண்டு.

வீடியோ நன்றாக வந்துவிட்டது. இனிப் பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா?

தயவு செய்து அழிக்காதீர்கள். ரஃபிள் முதலில் வந்தபோது ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஃபைல்கள் அதில் ஓடவில்லை; இன்று நிறைய ஓடுகின்றன. ஃபைல்களை வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. ஒரு சிடியின் முழுப் பிம்பமும் ஒரு ஜிபிக்குள்தான் இருக்கும், இன்றைய வட்டுகளில் அது ஒரு இடமே இல்லை.

வீடியோக்கள், வட்டுப் பிம்பம், எழுத்துருக்கள், சிடி அட்டை உறையின் ஸ்கேன், நீங்கள் வரைந்த அந்த மரப் படம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கூடவே ஒரு சாதாரண உரைக் கோப்பில் இவற்றை எழுதுங்கள்: எந்த நிரலில் ஓட்டினீர்கள், என்ன பதிப்பு, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், எந்தப் பட்டன்களை அழுத்தவில்லை.